ஊளையிடும் நரி: புதுப் பெயரில் ஒளிந்த குற்றவாளியை வைத்துப் பழைய பாணி காமெடி எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

சாயத் தொட்டியில் விழுந்த நரியின் கதை எல்லோருக்கும் தெரியும். நாய் துரத்த ஓடிய நரி நீலத் தொட்டிக்குள் விழுந்து எழுந்து காட்டுக்குப் போகிறது. இப்படி ஒரு மிருகத்தைப் பார்த்ததே இல்லை என்று சிங்கம் உட்பட எல்லாம் கும்பிட, அது ராஜாவாகிவிடுகிறது. அப்புறம் ஒரு நாள் தூரத்தில் மற்ற நரிகள் ஊளையிடுவதைக் கேட்டு, தன்னை மறந்து தானும் ஊளையிட்டு மாட்டிக்கொள்கிறது.

ஒருவரின் பொய் அம்பலமானால் ‘சாயம் வெளுத்துவிட்டது’ என்கிறோம். ஆனால் கவனித்துப் பாருங்கள், பஞ்சதந்திரக் கதையில் சாயம் வெளுக்கவே இல்லை. நரி கடைசி வரை நீலம்தான். காட்டிக்கொடுத்தது அதன் தொண்டை.

குற்றவாளி ஒருவன் வேறு பெயரில், வேறு தொழிலில் ஒளிந்திருக்கும் காமெடிக்கு இதைவிட நல்ல வரைபடம் எனக்குக் கிடைக்கவில்லை. அவன் வேஷம் அளவுக்கு மீறி ஜெயிக்க வேண்டும். அவனை மாட்டிவிடுவது அவனுடைய சொந்தத் திறமையாக இருக்க வேண்டும். இது தெரியாமல் நான் எழுதிய முதல் கதையில் நாயகன் ஒட்டு மீசையோடு நாற்பது பக்கம் போலீசுக்குப் பயந்து ஓடினான். படித்த நண்பர், “பாவமா இருக்கு, சிரிப்பு எங்கே?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் மட்டும் இருந்தால் அது துப்பறியும் கதை. மரியாதை கூடிக்கொண்டே போய் அதிலிருந்து தப்பிக்க முடியாமல் தவித்தால்தான் காமெடி.

இனி ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். கூடவே ஒரு கதையையும் கட்டிக்கொண்டே போவோம்.

முதல் படி: என்ன குற்றம்?

ரத்தம் வேண்டாம். கொலையை வைத்தும் சிரிக்க வைக்கலாம், ஆனால் அது வேறு ரகம், வேறு கை வேண்டும். பூட்டு உடைப்பது, கள்ள நோட்டு, கள்ளக் கையெழுத்து, ஆள்மாறாட்டம், கடத்தல் போன்றவைதான் இந்த வகைக்குப் பொருத்தம். காரணம், இவை எல்லாம் கைத்திறன். வாசகர் திருட்டை வெறுத்தாலும் திறமையை ரசிக்காமல் இருக்க மாட்டார். இன்னொரு காரணம், திருடிய பணத்தை ஓடும் ரயிலிலிருந்து வீசிவிடலாம், திறமையை வீச முடியாது. அது கூடவே இறங்கி வரும்.

யாரிடம் திருடினான் என்பதும் முக்கியம். ஒரு விதவையின் சேமிப்பை எடுத்தவனை எத்தனை பக்கம் எழுதினாலும் நல்லவனாக்க முடியாது. ஒரு வங்கியை ஏமாற்றியவனை வாசகர் இரண்டாம் பக்கத்திலேயே மன்னித்துவிடுவார்.

நம் கதையின் ஆள் கள்ளக் கையெழுத்துக்காரன். யார் கையெழுத்தையும் ஒருமுறை பார்த்தால் போதும், போட்டுவிடுவான். பிடிபட்டு, தண்டனை பெற்று, சிறைக்குக் கொண்டுபோகும் வழியில் தப்பி ஓடுகிறான். சட்டைப் பையில் தீர்ப்பு நகல் மட்டும் இருக்கிறது. அதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: எந்த ஆண்டு?

இதில்தான் பலர் சோம்பேறித்தனம் காட்டுகிறார்கள். தொப்பி, கிராமபோன், புகை விடும் ரயில் மூன்றையும் வைத்துவிட்டால் பழைய காலம் ஆகிவிடாது. உங்களுக்குத் தேவை ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: அந்த ஆண்டில், ஒருவன் தான் யார் என்று சொன்னால், அது பொய் என்று நிரூபிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இன்றைக்குக் கதை வைத்தால் ஒரு கைபேசி போதும், மூன்றாம் பக்கத்தில் முடிந்துவிடும்.

அந்தப் பதிலின் வரலாறு சுவாரசியமானது. 1880களில் பாரிஸில் அல்போன்ஸ் பெர்ட்டியோன், கைதிகளின் தலை, கை, பாதம் எல்லாவற்றையும் அளந்து அட்டையில் குறித்துவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு, பழைய குற்றவாளி புதுப் பெயர் சொன்னால் போலீஸ்காரரின் ஞாபகசக்தி ஒன்றுதான் துணை. 1892இல் அர்ஜென்டினாவில் விரல் ரேகையை வைத்து ஒரு கொலை வழக்கு தீர்ந்தது. 1897இல் கல்கத்தாவிலும் 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டிலும் ரேகைப் பிரிவுகள் வந்தன. அமெரிக்காவில் மத்தியப் புலனாய்வுத் துறை ரேகைகளை ஒரே இடத்தில் சேர்க்க ஆரம்பித்தது 1924இல். 1934இல் ஜான் டிலிஞ்சர் என்ற வங்கிக் கொள்ளைக்காரன் முகத்தை அறுவை சிகிச்சையில் மாற்றி, விரல் நுனிகளை அமிலத்தால் எரித்துக்கொண்டான். சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு எடுத்த ரேகை அப்படியே பொருந்தியது. அத்தனை வலியும் வீண்.

ரேகை இருந்தாலும் அது ஒரு அலுவலகத்தின் இழுப்பறைக்குள் தூங்கும் அட்டைதான். யாராவது சந்தேகப்பட வேண்டும், எழுதிக் கேட்க வேண்டும், அங்கே ஒரு குமாஸ்தா தேடி எடுக்க வேண்டும், பதில் தபாலில் வர வேண்டும். 1930கள் எனக்குப் பிடிக்கக் காரணம் இதுதான். உண்மை உண்டு, ஆனால் அது ரயிலில் வருகிறது. ஓர் உறை மெதுவாகப் பயணம் செய்துகொண்டிருக்க, இங்கே நம் ஆளுக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றால், பதற்றத்தைத் தனியாக உண்டாக்க வேண்டியதே இல்லை.

அமெரிக்கக் கதை என்றால் 1933க்குப் பிந்தைய ஓரிரு ஆண்டுகளைப் பாருங்கள். 1920இல் தொடங்கிய மதுவிலக்கு அந்த ஆண்டு டிசம்பரில் முடிந்தது. கள்ளச் சாராயக் கும்பல்கள் ஒரே நாளில் வேலை இழந்தன. நாடு முழுக்க ரவுடிகள் நாணயமான தொழில் தேடி அலைந்த காலம். அதைவிட நல்ல ஆரம்பம் வேண்டுமா?

மூன்றாம் படி: வேஷம்

வழக்கமாகச் செய்வது, நேர் எதிரான வேஷம். திருடன் சாமியாராவான், ரவுடி பள்ளி வாத்தியாராவான். தப்பில்லை. ஆனால் எதிர்மறை மட்டும் இருந்தால் அது ஒரு காட்சிக்கான சிரிப்புதான், ஒரு கதைக்குத் தாங்காது. பழைய திறமை புதிய தொழிலிலும் வேலை செய்கிற மாதிரி வேஷத்தைத் தேர்ந்தெடுங்கள். வெளியே நேர் எதிர், உள்ளே அதே வேலை.

உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வில்ஹெல்ம் ஃபோக்ட் என்ற ஜெர்மானிய செருப்புத் தொழிலாளி வாழ்க்கையின் பெரும் பகுதியைச் சிறையில் கழித்தவர். வெளியே வந்தால் தங்க அனுமதி இல்லை, அனுமதி இல்லாததால் வேலை இல்லை. 1906 அக்டோபரில் பழைய துணிக் கடைகளில் ராணுவக் கேப்டனின் சீருடையைத் தேடி வாங்கி மாட்டிக்கொண்டார். தெருவில் போன சிப்பாய்களை நிறுத்தி, “என் பின்னால் வாருங்கள்” என்று உத்தரவிட்டார். அவர்களும் வந்தார்கள். பெர்லினுக்கு அருகில் கோபெனிக் நகராட்சிக்குப் போய் மேயரைக் கைது செய்து, கஜானாப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு வருஷத் தண்டனை கிடைத்தது. ஊரே சிரித்த சிரிப்பில் 1908இல் சக்கரவர்த்தியே மன்னித்து விடுவித்தார். அந்தச் சீருடை யாரையும் ஏமாற்றவில்லை என்று கூடச் சொல்லலாம். சீருடைக்குக் கீழ்ப்படியும் பழக்கம்தான் ஏமாந்தது. உங்கள் ஊர்க்காரர்களும் ஏதோ ஒன்றுக்குக் கீழ்ப்படிகிறவர்களாக இருக்க வேண்டும்: படிப்புக்கு, வெள்ளை வேட்டிக்கு, நல்ல உச்சரிப்புக்கு. வேஷம் அந்தப் பலவீனத்தில் போய்ப் பொருந்த வேண்டும்.

நம் ஆள் ஒரு சின்ன ஊரில் இறங்கி, பள்ளியில் கையெழுத்து வாத்தியாராகச் சேர்கிறான். முதல் நாள் பதிவேட்டில் பெயர் எழுதச் சொல்கிறார்கள். பேனாவை எடுத்தவன் அப்படியே நிற்கிறான். நூறு பேரின் கையெழுத்து கையில் இருக்கிறது, தனக்கென்று ஒன்று இல்லை! வியர்த்துப் போய், பையில் இருக்கும் தீர்ப்பு நகலில் கடைசியாகப் பார்த்த எழுத்தில் எழுதிவைக்கிறான். அது அவனுக்குத் தண்டனை கொடுத்த நீதிபதியின் எழுத்து. தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, “அடடா, என்ன கம்பீரம்” என்கிறார்.

புதுப் பெயர் பற்றி ஒரு வார்த்தை. பழைய பெயரில் யாரோ கூப்பிட அவன் திரும்பிப் பார்த்து மாட்டிக்கொள்ளும் காட்சியை எழுதாதீர்கள், அரதப் பழசு. புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் அவன் திரும்பாமல் நடந்துபோவது மேல். ஊரார், “மனுஷருக்கு என்ன சிந்தனையோ, பெரிய அறிஞர்” என்று மரியாதையைக் கூட்டிக்கொள்வார்கள். இன்னொன்று: துணி யாருடையது என்று தெரிய சலவைக்காரர் அதில் போட்டுவைக்கும் சலவைக் குறி. பெயரை மாற்றுகிறவர்கள் இதை மறப்பார்கள், அந்தக் காலத் துப்பறிவாளர்கள் மறக்க மாட்டார்கள்.

நான்காம் படி: ஜெயிக்க விடுங்கள்

கதையின் நடுப்பகுதி முழுக்க இதுதான். நடுவில் தொய்வு விழும் கதைகள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவை.

1942இல் வந்த ‘லார்சனி இங்க்’ படத்தில் சிறையிலிருந்து வந்தவர்கள் வங்கிக்குப் பக்கத்திலிருக்கும் பெட்டிக் கடையை வாங்குகிறார்கள். மளிகைப் பெட்டிக் கடை இல்லை, பயணப் பெட்டி விற்கும் கடை. திட்டம், கீழே சுரங்கம் தோண்டி வங்கிக்குள் போவது. ஆனால் வியாபாரம் சூடு பிடித்துவிடுகிறது. வாடிக்கையாளர் தொல்லையில் தோண்ட முடியவில்லை. இந்த வகையின் சூத்திரம் முழுவதும் அந்தக் கடைக்குள் இருக்கிறது.

எழுதும்போது ஏணி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் மூன்று விஷயம் நடக்க வேண்டும்: மரியாதை ஒரு படி ஏறும், ஓடிப்போவது ஒரு படி கஷ்டமாகும், அவன் சட்டத்துக்கு ஒரு படி அருகில் போவான். கடைசி விஷயத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நம் வாத்தியாரிடம் முதலில் பிள்ளைகள் எழுதப் பழகுகிறார்கள். பிள்ளைகளின் எழுத்தைப் பார்த்துப் பெற்றோர் மாலை வகுப்புக்கு வருகிறார்கள். காதல் கடிதம், கடன் மனு, உயில் எல்லாம் அவரிடம் வருகின்றன. ஆறு மாதத்தில் ஊர் முழுக்க ஒரே கையெழுத்து, அதாவது அந்த நீதிபதியின் கையெழுத்து. அப்புறம் வங்கி மேலாளர் வந்து, கையெழுத்துச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்று கெஞ்சுகிறார். மாட்டேன் என்றால் சந்தேகம் வரும், சரி என்றால் சாவியே கைக்கு வரும். சரி என்கிறான். ஒரு மோசடியைக் கண்டுபிடித்தும் கொடுக்கிறான். பத்திரிகையில் செய்தி வருகிறது. படம் எடுக்க ஒருவர் வந்து நிற்கிறார். தலைமறைவாக இருப்பவனுக்குப் புகழைவிடப் பெரிய தண்டனை உண்டா? கடைசியில் காவல் நிலையமே அவனை நிபுணர் என்று அழைக்கிறது.

திரும்பிப் பாருங்கள், இதில் எதையும் அவன் தேடிப் போகவில்லை. ஏணியை ஊரார்தான் சாத்தினார்கள்.

ஐந்தாம் படி: சுற்றி இருப்பவர்கள்

மூன்று பேர் போதும். உண்மை தெரிந்த ஒருவர், தப்பாகச் சந்தேகப்படும் ஒருவர், எதையும் சந்தேகிக்காத ஒருவர்.

உண்மை தெரிந்தவர் என்றதும் பழைய கூட்டாளியைக் கொண்டுவந்து மிரட்ட வைப்பார்கள். அவன் மிரட்டுவதைவிட, வந்த இடத்தில் தானும் மரியாதைக்கு ஆசைப்பட்டு வகுப்பில் சேர்ந்துவிடுவது எனக்குப் பிடிக்கும். தப்பாகச் சந்தேகப்படுகிறவர் பொக்கிஷம். வீட்டுக்கார அம்மா இவன் எங்கோ மனைவியை விட்டுவிட்டு ஓடிவந்தவன் என்று நம்பி, இரவில் பெட்டியைக் குடைகிறார். அவர் தேடுவது தாலிகட்டிய போட்டோ, கையில் கிடைப்பது தீர்ப்பு நகல். எழுத்தைப் பார்த்துவிட்டு, “ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சட்டம் படிக்கிறார் போல” என்று திருப்பி வைத்துவிடுகிறார்.

எதையும் சந்தேகிக்காதவர் இன்ஸ்பெக்டராக இருக்கட்டும். அவரை முட்டாளாக்காதீர்கள். கெட்டிக்காரர், ஆனால் வாத்தியாரின் நண்பர். கெட்டிக்காரர் ஒருவர் நட்பினால் குருடாக இருப்பது சிரிப்பும் வலியுமாக இருக்கும்.

ஆறாம் படி: வாசகருக்கு எப்போது சொல்வது?

முதல் பக்கத்திலேயே. கடைசியில் திடுக்கென்று அவிழ்ப்பதற்காக மறைத்துவைத்தால், ஒரு திடுக்கிடலுக்காக நூறு சிரிப்பை விற்றுவிடுகிறீர்கள். வாசகருக்குத் தெரிந்திருந்தால்தான் சாதாரண உபசார வார்த்தைகூட இரண்டு அர்த்தம் எடுக்கும்.

“உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த பேங்க்குக்குப் பூட்டே வேண்டாம் சார்.”

“ஆமாங்க. பூட்டு நமக்கு ஒரு பிரச்சினையே இல்லை.”

மேலாளர் சிரிக்கிறார், வாத்தியாரும் சிரிக்கிறார். இரண்டும் வேறு வேறு சிரிப்பு. இந்த மாதிரி வசனத்தில் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: நாயகன் பொய் சொல்லக் கூடாது. உண்மையையே சொல்லி, எதிராளி தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டும். சுத்தப் பொய் சொன்னால் அவன் வெறும் பொய்யன். உண்மையைச் சொல்லியும் யாரும் நம்பவில்லை என்றால் அது அவன் தலையெழுத்து.

ஏழாம் படி: ஊளை

இப்போது நரி வாய் திறக்க வேண்டிய இடம். தபாலில் வந்த ரேகையோ, எதிரி கொடுத்த துப்போ அவனை மாட்டிவிட்டால் கதை பாதியில் செத்துவிடும். அவனுக்குள் அடக்க முடியாத ஒன்று இருக்கிறதே, அது வெளியே வர வேண்டும். பரிவினால் வரலாம். ஓ. ஹென்றியின் புகழ்பெற்ற கதையில் திருந்திய பூட்டு உடைப்பவன், பெட்டகத்துக்குள் சிக்கிய குழந்தையைக் காப்பாற்ற எல்லார் முன்னாலும் பழைய கருவிகளை எடுக்கிறான். நம் கதையில் அது கர்வத்தினால் வரட்டும். காமெடிக்குக் கர்வம் இன்னும் பொருத்தம்.

இதற்குத் தொழில் நுணுக்கம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கள்ளக் கையெழுத்தை வரைவது போல மெதுவாகப் போடுவார்கள். அதனால் கோடு நடுங்கும், நடுவில் பேனா தூக்கிய தடம் தெரியும், நின்ற இடத்தில் மை தேங்கும், ஆரம்பமும் முடிவும் மொண்ணையாக இருக்கும். ஒரே ஆள் போட்ட இரண்டு கையெழுத்து ஒருபோதும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. அப்படி இருந்தால் ஒன்று நகல்.

இன்ஸ்பெக்டர் ஒரு காசோலையோடு வருகிறார்.

“வாத்தியாரே, இதைக் கொஞ்சம் பாருங்க. தப்பிச்சு ஓடினானே ஒருத்தன், அந்தப் பெரிய கைகாரனோட வேலைன்னு மேலிடத்துல சொல்றாங்க.”

வாத்தியார் பார்க்கிறார். அவன் வேலை இல்லை. யாரோ கற்றுக்குட்டி போட்டது.

“இதுவா? சார், இந்த ‘ழ’ வாலைப் பாருங்க, மூணு இடத்துல நிறுத்தி இழுத்திருக்கான். மை தேங்கியிருக்கு. இதைப் போய் அவர் போட்டதுன்னு சொல்றதுக்கு எப்படி மனசு வருது?”

“அவர்?”

“அவன்.”

“சரி, அவன் போட்டா எப்படி இருக்கும்?”

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு பக்கம் முழுக்க எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் பேனா இருக்கிறது. சும்மா இருந்தால் வேறொருவன் போட்ட மட்டமான வேலையின் பழி இவன் மேல் விழும், இவன் பெயர் கெடும். வாயைத் திறந்தால் வாழ்க்கை போகும். ஜன்னல் வழியே பிள்ளைகள் எழுத்துக் கூட்டிச் சொல்லும் சத்தம் கேட்கட்டும். அவன் பேனாவை எடுக்கிறான். ஒரே இழுப்பு. இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்க்கிறார், நண்பரைப் பார்க்கிறார், காகிதத்தை மடித்துப் பையில் வைக்கிறார். இரண்டு பேரும் எதுவும் பேச வேண்டாம்.

எட்டாம் படி: மொழி

சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காலத்துச் சொற்களை அள்ளித் தெளிக்காதீர்கள். பக்கத்துக்கு இரண்டு போதும்: தந்தி, மைக்கூடு, ஒற்றுத்தாள் மாதிரி கையால் தொடக்கூடியவை. கதை சொல்பவர் கடைசி வரை முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்ல வேண்டும். ‘வேடிக்கை என்னவென்றால்’ என்று ஆரம்பித்தால் வேடிக்கை போய்விடும். திருடனுக்கு மரியாதை விகுதி எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை வைத்து மட்டுமே ஒரு கதை நடத்தலாம். மேலே ‘அவர்’, ‘அவன்’ இரண்டும் அந்த வேலைதான் செய்கின்றன. தமிழில் எழுதுகிறவருக்குச் சும்மா கிடைத்த சொத்து இது.

ஒன்பதாம் படி: முடிவு

ஹாலிவுட்டில் 1930இல் எழுதப்பட்டு 1934 முதல் கண்டிப்பாக அமலான தயாரிப்பு விதிமுறை, குற்றவாளி ஜெயிப்பதாகக் காட்ட விடவில்லை. 1968 வரை அது இருந்தது. பழைய படங்களில் கடைசி நிமிடத்தில் திருடன் மாட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1949இல் வந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’ என்ற பிரிட்டிஷ் படத்தில், குற்றத்தை எல்லாம் தன் கைப்பட எழுதிய நாயகன் அந்தக் காகிதத்தைச் சிறை அறையிலேயே மறந்துவிட்டு வெளியே வந்து நிற்பதோடு படம் முடியும். அமெரிக்காவில் திரையிட, அந்தக் காகிதம் அதிகாரிகள் கையில் கிடைப்பதைத் தனியாகச் சேர்த்தார்கள். அதே பிரிட்டிஷ் நிறுவனத்தின் 1951ஆம் ஆண்டுப் படமான ‘தி லாவெண்டர் ஹில் மாப்’பில், வெளிநாட்டு உணவகத்தில் சொகுசாக உட்கார்ந்து கதை சொல்லும் திருடன் எழுந்திருக்கும்போதுதான் அவன் கையில் விலங்கு இருப்பது தெரியும்.

கட்டுப்பாடு அந்த எழுத்தாளர்களுக்கு நல்லதே செய்தது என்று நினைக்கிறேன். தண்டனை நிச்சயம் என்று ஆகிவிட்டால், அதை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் மூளையைச் செலவழிக்க முடியும். உங்கள் கதைக்கும் அதே கட்டுப்பாட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்: அவன் மாட்ட வேண்டும், ஆனால் அவன் வாங்கிய நல்ல பெயரே அவனைச் சிறைக்குள் பூட்ட வேண்டும். முதல் பாதியில் போட்டுவைத்த ஏதாவது ஒரு சின்ன விஷயம் அதற்கு உதவும். தேடிப் பாருங்கள், இருக்கும்.

நம் கதையில் தீர்ப்பு நகல் இருக்கிறது. வாத்தியாரை மறுபடி அதே நீதிபதி முன் நிறுத்துகிறார்கள். ஊரே திரண்டு மன்னிப்பு மனு கொடுக்கிறது, கீழே முந்நூறு கையெழுத்து. நீதிபதி மனுவைக் கையில் வாங்கிப் பார்க்கிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறார். முந்நூறும் அவருடைய எழுத்து. இதை எப்போது எழுதினோம் என்று அவருக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வருகிறது. இது மோசடி மனுவா என்று தீர்மானிக்கக் கையெழுத்து நிபுணர் ஒருவர் வேண்டும் என்கிறார். அந்த வட்டாரத்தில் இருப்பது ஒரே ஒரு நிபுணர். அவர் குற்றவாளிக் கூண்டில் நின்றபடி, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தியம் செய்து ஓர் உண்மையைச் சொல்கிறார்: “எல்லாம் அசல்தான் ஐயா.”

நீதிபதி தண்டனையை இரண்டு வருஷம் கூட்டுகிறார்.